நான்கு இடங்களுக்குப் போன எச்சரிக்கை

சென்ற வாரம் உங்கள் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்து டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைக் காட்டினார். "எங்க லாக் அஞ்சு இடத்துக்குப் போகுது மேடம். ஃபைலுக்கு, ஸ்கிரீனுக்கு, மெயிலுக்கு, ஃபோனுக்கு, இந்த டி.வி.க்கு. எதுவும் மிஸ் ஆகாது" என்றார். நல்ல பிள்ளை. முகத்தில் அவ்வளவு பெருமை. "இதையெல்லாம் யார் படிக்கிறாங்க?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்காக மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஏன் கோபம் வந்தது என்று சொல்ல எழுதுகிறேன். கோபத்தில் பாதி உங்கள் மேல். மீதிப் பாதி என் மேல். ஓய்வு பெற்றால் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. கீழே பேட்டரி கடை. மொத்தம் பதினோரு பேர். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தோம். லேபில் ஒரு மெஷின் இருக்கும். ரத்தம் உள்ள டியூபை அதில் வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு டியூபிலும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். மெஷின் அந்த நம்பரையும் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதையும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நம்பருக்கு உரியவரின் பெயரில் அதைப் போட்டு ரிப்போர்ட் அடிப்பது எங்கள் சாஃப்ட்வேரின் வேலை.

லாக் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: சாஃப்ட்வேர் தான் செய்வதையெல்லாம் வரி வரியாகக் குறித்துக்கொண்டே போகும். அந்தக் குறிப்புக்குப் பெயர் லாக். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வெள்ளை எழுத்து. வேலை நின்றே போனால் சிவப்பு. ஏதோ சரியில்லை, ஆனாலும் ஒப்பேற்றிவிட்டேன் என்றால் மஞ்சள்.

அந்த லாக்கை நான்கு இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் நிரலை எழுதியவள் நான். லேபின் சர்வரில் ஒரு ஃபைல். டெக்னீஷியனின் திரையில் கீழே ஒரு பட்டை. லேபின் டாக்டருக்குத் தினமும் ஒரு பக்க அறிக்கை. எங்கள் அலுவலகத்துக்கு மெயில். ஒரு வரியை ஒரு தடவை எழுதினால் போதும், நான்கு இடத்துக்கும் தானே போய்ச் சேரும். எந்த இடத்துக்கு எந்த நிறம் வரைக்கும் போக வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். எழுதி முடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உங்கள் பிள்ளை சுவரில் இருந்த டி.வி.யைக் காட்டினாரே, அதே முகம்தான் அன்று எனக்கும்.

சேலையூரில் ஒரு லேப் எங்கள் வாடிக்கையாளர். அங்கே டெக்னீஷியனாக இருந்தாள் ஜரீனா. அனகாபுத்தூர்ப் பெண். அவளுடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், பல்லாவரத்தில் தோல் பை கடை வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் வெளியே வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். சம்மதம் வாங்கவே ஒரு வருஷம் ஆனது என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தங்கை ஒருத்தி, நர்ஸிங் படிக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒழுங்காக வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்தால் தங்கைக்கும் வழி விடுவார்கள். ஜரீனாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் லாக்கைப் படித்தது இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திதான். மஞ்சள் வரி ஒன்று வந்தால் போதும், அலுவலகத்துக்கு ஃபோன் வந்துவிடும்.

"அக்கா, மஞ்சள்ல ஒண்ணு வந்திருக்கு. இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு, படிக்கட்டுமா?"

படிப்பாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாள் இருக்கும். டியூபில் ஒட்டிய நம்பர் ஈரம் பட்டு அழிந்துபோனால் மெஷினால் படிக்க முடியாது. முடிவை நம்பர் இல்லாமலேயே அனுப்பிவிடும். அப்போது எங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்யும் தெரியுமா? வரிசையில் அடுத்து யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில் போட்டுவிட்டு, ஒரு மஞ்சள் வரி எழுதும். இப்படி எழுதச் சொன்னது யார், ஒத்துக்கொண்டது யார் என்று இன்று கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அன்று எங்களுக்கு வேதம். ஜரீனா அந்த வரியைப் பார்த்ததும் டியூபைக் கையில் எடுத்துப் பார்த்து, பெயர் சரியா என்று ஒப்பிட்டு, தப்பாக இருந்தால் திருத்திவிடுவாள். அவளை வைத்துத்தான் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

எங்கள் எம்.டி.க்கு அவள் ஃபோன் என்றாலே ஆகாது. "இந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லையா?" என்பார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கம்பெனியை வளர்க்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர். கூடுவாஞ்சேரியில் பெரிதாக ஒரு லேப் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அவர்களை சேலையூருக்குக் கூட்டிவந்து எங்கள் சாஃப்ட்வேர் ஓடுவதைக் காட்டினார். நானும் உடன் போயிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் திரையின் கீழே பார்த்து, "இது என்ன சார், மஞ்சளா ஓடிக்கிட்டே இருக்கு? ஏதாவது பிராப்ளமா?" என்று கேட்டுவிட்டார். எம்.டி. சிரித்துச் சமாளித்தார். காரில் திரும்பும்போது அவர் சிரிக்கவில்லை.

"நாளைலேர்ந்து ஸ்கிரீன்ல மஞ்சளே வரக் கூடாது. டாக்டர் ரிப்போர்ட்லயும் வேண்டாம். செவப்பு வந்தா மட்டும் காட்டினா போதும்."

"சார், ஜரீனா அதைப் பார்த்துத்தான் சில நாள்…"

"மெயில்ல வருதில்ல? நாம பார்த்துக்கலாம்."

நாம பார்த்துக்கலாம். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நாம என்றால் யார்? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் லாக் மெயில் வரும். பதினோரு பேரும் அதைப் பார்க்கக் கூடாது என்றே மெயிலில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தோம்: வந்த உடனே தனி ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை. நானும் திறப்பதில்லை. இது எம்.டி.க்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே "சரி சார்" என்றேன்.

மறுநாள் காலை அந்தச் சின்னக் கோப்பில் இரண்டு இடங்களில் ஒரு வார்த்தையை மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை. திரை பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஜரீனா ஃபோன் செய்தாள்.

"அக்கா, மஞ்சள் லைனே வர மாட்டேங்குதே. ஏதாவது நின்னு போச்சா?"

"எல்லாம் சரி பண்ணிட்டோம் ஜரீனா. அதான் வரலை" என்றேன்.

இதை நீங்கள் இரண்டு தரம் படியுங்கள். சரி பண்ணிட்டோம் என்று சொன்னேன். அவள் நம்பினாள். "அப்பாடா, நல்லதாப் போச்சு அக்கா" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஃபோனே வரவில்லை. எம்.டி. என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்த மாதம் நடந்தது இது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் கன்னியம்மா என்ற அம்மா, கால் எரிகிறது என்று ஒரு டாக்டரிடம் போக, அவர் சர்க்கரை பார்த்துவரச் சொல்லி சேலையூர் லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கன்னியம்மா காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடையோடு மார்க்கெட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் கடை விரித்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். மீன் வெட்டும் பலகையின் முனையில் நெற்றி பட்டுத் தையல் போட்டார்கள். பக்கத்துக் கடைக்காரப் பெண்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காவிட்டால் பிழைத்திருக்க மாட்டார். அங்கே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால், அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது; மாத்திரைதான் இருந்த சர்க்கரையையும் இறக்கியிருந்தது.

அவர் மகன் லேபுக்கு வந்து நின்றார். "இன்னா டெஸ்ட்டு எடுக்கிறீங்கோ? எவன் ரத்தத்த எங்கம்மா பேருல போட்டீங்கோ? எங்கம்மா செத்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்கோ?" என்று கத்தினார். அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் கிடையாது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

லேபின் டாக்டர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கம்பெனியிலிருந்து அன்றைய லாக்கை எடுத்துவரச் சொன்னார். கிளம்பும்போது எம்.டி. சொன்னார்: "ஸ்கிரீன்ல என்ன வந்துச்சோ, டாக்டர் ரிப்போர்ட்ல என்ன வந்துச்சோ, அதை மட்டும் பிரிண்ட் எடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். சும்மா இழுத்து விடாதீங்க."

அலுவலக மெயில் ஃபோல்டரைத் திறந்து பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நான் திறக்கவில்லை. மறதி என்று சொன்னால் பொய். திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த அறையில் வாயைத் திறக்க வேண்டிவரும். தெரியாமல் போய் உட்கார்ந்துகொண்டால் நான் பொய் சொன்னவள் ஆக மாட்டேன் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைகளே, நெருக்கடியில் அறிவு வேலை செய்யாது என்பார்கள். என் அறிவு அன்று மிக நன்றாக வேலை செய்தது. எனக்காக மட்டும் வேலை செய்தது.

அறையில் டாக்டர், லேபின் மேனேஜர், ரிசப்ஷன் பெண், இன்னொரு டெக்னீஷியன், கன்னியம்மாவின் மகன், எங்கள் எம்.டி., நான். ஓரமாக ஜரீனா நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் பிரிண்டை மேஜை மேல் வைத்தேன். மூன்று பக்கமும் ஒழுங்கான வரிகள், மஞ்சள் என்று ஒன்றுகூட இல்லை.

டாக்டர் புரட்டிப் பார்த்தார். "லாக்ல ஏதாவது இருக்கா மேடம்?"

"இந்த லாக்ல ஒண்ணும் இல்லை சார்" என்றேன்.

"அப்ப டியூபைத்தான் மாத்தி வெச்சிருக்கே" என்று ஜரீனாவிடம் திரும்பினார்.

"இல்லை சார். அந்தம்மா டியூப்ல ரத்தம் சரியாத் தெளியலைன்னு நான் தனியா எடுத்து வெச்சேன். அப்புறம்தான் போட்டேன். பேரைப் பார்த்துத்தான் போட்டேன். மெஷின்ல ஏதாவது வந்திருந்தா ஸ்கிரீன்ல மஞ்சள் வந்திருக்கும் சார். வரவே இல்லை." அவள் என்னைப் பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியும்."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள், அறை முழுக்கக் காத்திருந்தது. எம்.டி. லேசாகத் தொண்டையைக் கனைத்தார். நான் மேஜையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் மேனேஜர் ஒரு தாளை எழுதி நீட்டினார். கவனக் குறைவால் டியூபை மாற்றி வைத்துவிட்டேன், என் பொறுப்பில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் போலீஸுக்குப் போக மாட்டோம் என்றார்கள். போலீஸ் என்றதும் அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள். அவள் படியிறங்கும்போதே டாக்டர் அவள் அத்தாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியும் ஒரு வாரம் கழித்துத்தான் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். இப்போது திறந்தென்ன? இருந்தது. அன்றைய தேதியில், படிக்கப்படாத மெயில்கள் கறுப்பாகத் தடித்து நிற்குமே, அப்படி இரண்டு. முதலாவது: நம்பர் இல்லாத முடிவு வந்தது, வரிசையில் அடுத்த பெயரான கன்னியம்மாவுக்குப் போடப்பட்டது. இரண்டாவது: கன்னியம்மாவின் நம்பரோடு இன்னொரு முடிவு வந்தது, ஏற்கெனவே முடிவு இருப்பதால் விடப்பட்டது. உண்மையான முடிவைத்தான் எங்கள் சாஃப்ட்வேர் தூக்கி எறிந்திருந்தது. யாருடையதோ அழிந்த நம்பர், அந்த அம்மாவின் தலையில் போய் விழுந்தது. ஜரீனா கூடுதல் கவனமாக டியூபைத் தனியே எடுத்து வைத்ததுதான் வரிசை மாறக் காரணம். கவனமாக இருந்தவள் கவனக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான்கு இடங்களுக்கு அனுப்பினோம் என்று பீற்றிக்கொண்டோமே. லேபின் ஃபைலுக்குப் போனது. அதை எங்கே திறப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு மெயிலில் வந்தது. படிக்கத் தெரிந்த பதினோரு பேருக்குப் படிக்க மனசில்லை. டாக்டருக்குப் போவதை நான் நிறுத்தினேன். படிக்கிற ஒரே பெண்ணின் திரையிலிருந்தும் நான்தான் எடுத்தேன். எத்தனை இடத்துக்குப் போகிறது என்று என்னிடம் இனி யாரும் சொல்லாதீர்கள். எனக்கு அது காதில் ஏறாது.

எம்.டி.யிடம் இரண்டு மெயிலையும் காட்டினேன். படித்தார். பிறகு, "இது நமக்கு வந்த மெயில். வெளியே போகக் கூடாது" என்றார்.

"சார், அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு."

"வேற லேப்ல சேர்ந்துடுவா. சின்னப் பொண்ணு. கூடுவாஞ்சேரி ஆர்டர் போச்சுன்னா பதினோரு பேருக்கு வேலை போகும். அதை யோசிச்சீங்களா?"

"எந்த லேப் சார் எடுக்கும்? தாம்பரத்துலேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எல்லா லேபுக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க."

"நீங்கதானே மாத்தினீங்க?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "லாக்ல ஒண்ணும் இல்லைன்னு அங்க சொன்னதும் நீங்கதான். நான் அங்க ஒண்ணும் சொல்லலியே."

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னை எழுப்பியது. அதுவரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் எதிரிலேயே இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்தேன். "கம்பெனியைக் கெடுத்துட்டுப் போறீங்க" என்றார். சேலையூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் படித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, எங்க லேப் தப்பு இல்லை" என்றார். அவர் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு, "அந்தப் பொண்ணை வரச் சொல்லிடுங்க. அந்த லெட்டரைக் கிழிச்சுடலாம். நடந்ததைப் பத்தி யாரும் பேச வேண்டாம், எல்லாருக்கும் நல்லது" என்றார். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

பல்லாவரத்தில் இறங்கி, அனகாபுத்தூர் பஸ் பிடித்து ஜரீனாவின் வீட்டுக்குப் போனேன். ஆற்றை ஒட்டிய சந்தில் மாடி இல்லாத சின்ன வீடு. அவள் அத்தா நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதையே எனக்குச் சூடு போட்ட மாதிரி இருந்தது. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். திரையிலிருந்து மஞ்சளை எடுத்தது, சரி பண்ணிவிட்டோம் என்று பொய் சொன்னது, ஃபோல்டரைத் திறக்காமல் வந்து உட்கார்ந்தது. மன்னித்துவிடு என்றேன். டாக்டர் வேலைக்குத் திரும்ப வரச் சொல்கிறார் என்றேன். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள்.

ஜரீனா அழவில்லை. அவளுக்கு என்னைவிடக் கோபம் இருந்தது.

"பேசாம வேலைக்கு வந்துடணுமா அக்கா? வந்து நின்னா எல்லாரும் என்ன நினைப்பாங்க? தப்பு பண்ணினா, பாவம்னு சேர்த்துக்கிட்டாங்கன்னு நினைப்பாங்க."

"நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன் ஜரீனா."

"டாக்டர் ஒருத்தர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டீங்க. நான் கையெழுத்துப் போட்டப்ப அந்த ரூம்ல ஏழு பேர் இருந்தாங்க. வெளியே எத்தனை பேருக்குப் போச்சுன்னு எனக்கே தெரியாது. என் பேர் கெட்டது எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேர்ந்துச்சு. இது மட்டும் ஏன் என் வீட்டுக்குள்ள வந்து மெதுவாச் சொல்றீங்க?"

அவள் அத்தா, "ஜரீனா, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது" என்றார்.

"பேசட்டும்ங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"அந்தம்மாகிட்ட சொல்லணும் அக்கா" என்றாள் ஜரீனா. "என்னாலதான் சாகப் பார்த்தோம்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம நான் அந்த லேப் படி ஏற மாட்டேன்."

ஜரீனா திரும்பி வேலைக்கு வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் தங்கையும் நர்ஸிங் சேர்ந்தாள். நான் மூன்று மாதத்தில் அந்தக் கம்பெனியை விட்டேன். கூடுவாஞ்சேரி ஆர்டர் வரவில்லை, ஆனால் பதினோரு பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. நான் போவதற்கு முன் திரையில் மஞ்சளைத் திரும்ப வைத்தேன். வரிசையில் அடுத்த பெயருக்குப் போடுகிற அந்த அயோக்கியத்தனத்தையும் எடுத்தேன். நம்பர் இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் நின்றுவிடும். ஒரு மனுஷி வந்து டியூபைப் பார்த்துச் சொன்னால்தான் நகரும். எம்.டி. தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நடந்திருக்காது.

ஜரீனா வீட்டுக்குப் போன மறுநாள், அன்று அந்த அறையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ரிசப்ஷன் பெண் அழுதுவிட்டாள். அந்த ஒரு வாரமாக யாரிடமெல்லாம் என்ன சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இன்னொரு டெக்னீஷியன், "எனக்கு அப்பவே டவுட் இருந்துச்சு மேடம்" என்றார். அப்போதே இருந்ததை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று விழுங்கிக்கொண்டேன். கன்னியம்மாவின் மகனுக்கு ஃபோன் செய்தபோது, "எங்கம்மா மார்க்கெட்டுலதான் கீது. அதாண்ட போய் நேரா சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் வரிசையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர் என்னை வாடிக்கை என்று நினைத்து, "இன்னா வோணும்மா?" என்றார். நான் குனிந்து, மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தேன். ரத்தம் எடுத்த பெண் மேல் தப்பில்லை, எங்கள் கம்ப்யூட்டரில் தப்பு, அதைச் செய்தது நான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் தண்ணீரில் அலசினார்.

"அந்தத் துலுக்கப் பொண்ணு ஒண்ணும் பண்லியா?"

"இல்லைம்மா. அவ ரொம்பக் கவனமாத்தான் இருந்தா."

"அடிப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. "நானு அந்தப் பொண்ண தெனம் தெனம் சாபம் வுட்டுகினு கீறேனே. கை அழுவிப் பூடணும்னு சொல்லிகினு கீறேனே. எனுக்குள்ளயே மட்டுமா? இந்த லைனு பூரா சொல்லி வச்சிருக்கேன். மீனு வாங்க வர்றவங்க, நெத்தியில இன்னா காயம்னு கேட்டா அத்தினி பேராண்டயும் அந்தப் பொண்ணு பேர சொல்லிகினு கீறேன். இப்ப வந்து காதாண்ட குசுகுசுன்னு சொல்றியே யம்மா, ஊரெல்லாம் சொன்னத நான் எப்டி திரும்ப வாங்குவேன்?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றார். வரிசையின் கோடி வரை கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏ, இந்தா! எல்லாம் கேட்டுக்கோ! அந்த ரத்தம் எடுக்கிற பொண்ணு மேல தப்பு இல்லியாம்! நான் சொன்னதெல்லாம் பொய்யாம்! தப்பு பண்ணது இந்தா நிக்கிறாங்களே, இவங்கதான்!"

வெட்டுகிற சத்தம் நின்றது. விற்கிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள், அத்தனை பேரும் திரும்பினார்கள். கன்னியம்மா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார்.

"ஆமா, தப்பு என்னுது. ஜரீனா மேல ஒண்ணும் இல்லை" என்றேன்.

மூன்று கடை தள்ளி இருந்த ஒரு பெண் காதைக் கையால் குவித்துக்கொண்டு, "கேக்கல, இன்னா சொல்றே?" என்றாள். மறுபடி, இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதற்கு அப்பால் இருந்தவளுக்கும் கேட்கவில்லை. நடந்து போய் அவளிடமும் சொன்னேன்.